கடையில் இல்லாத விளையாட்டு

தைவானின் தலைநகர் தைபேயில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. காலம் 1980கள். அப்பா சினிமாவுக்குக் கதை எழுதுபவர். கொஞ்ச காலமாக அவர் எழுதுவதை யாரும் வாங்குவதில்லை. அம்மா, கல்யாணத்துக்குப் பிறகு திரையுலகை விட்டு விலகிய பாடகி. மகள் மெய்ஷின் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பாடுகிற சிறுமி. ஒருநாள் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்குகிறது. உடம்பில் கோளாறு இல்லை, மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஆலோசனை வருகிறது. மகளைப் பைத்தியம் என்கிறார்களே என்று கொதித்த அப்பா, ஒரு பெண் சாமியாரின் காலில் போய் விழுகிறார். வீட்டுப் பணமெல்லாம் காணிக்கையாகக் கரைகிறது. கடைசியில் சாமியார் சொன்ன பரிகாரத்தை மகள் மேலேயே செய்கிறார். மகள் பிழைக்கவில்லை.

ரெட் கேண்டில் கேம்ஸ் என்ற சிறிய குழு 2019 பிப்ரவரி 19 அன்று வெளியிட்ட ‘டிவோஷன்’ என்ற வீடியோ கேமின் கதை இது. திகில் கேம் என்றுதான் விற்றார்கள். ஆனால் நம்மைப் பயமுறுத்துவது பேய் அல்ல. அந்த அப்பாவாகவே நாம் வீட்டுக்குள் நடக்கிறோம். அலமாரியைத் திறப்பதும், மகள் மடித்த காகிதப் பூவைக் கையில் எடுப்பதும், பரிகாரம் நடந்த குளியலறையின் கதவுவரை போவதும் நம் விரல்கள்தான். படத்தில் இதே கதையைப் பார்த்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். இங்கே எழுந்து போக முடியாது. மூடநம்பிக்கையைப் பற்றியும், மனநோய் என்றதும் குடும்பங்கள் கூனிக் குறுகுவதைப் பற்றியும் இவ்வளவு நெருக்கமாகப் பேசிய படைப்புகள் எந்தக் கலையிலும் குறைவு.

ஒரு வாரம்கூட அது கடையில் இருக்கவில்லை.

கேமில் வரும் ஒரு சுவரில் தாயத்துத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் பழைய முத்திரை எழுத்துகளை ஒருவர் கூட்டிப் படித்தார். சீன அதிபர் ஷி ஜின்பிங்கின் பெயரும், அவரைக் கிண்டல் செய்யப் பயன்படும் வின்னி த பூ கரடியின் பெயரும், கூடவே ஒரு வசவும் அதில் இருந்தன. சீன விளையாட்டாளர்கள் கொந்தளித்தார்கள். கேமை விற்ற ஸ்டீம் என்ற இணையக் கடையில் எதிர்மறை மதிப்புரைகள் கொட்டின. குழுவில் ஒருவர் தற்காலிகமாக வைத்த படம், எடுக்காமல் விட்டுவிட்டோம் என்று ரெட் கேண்டில் மன்னிப்புக் கேட்டது, படத்தையும் மாற்றியது. பலனில்லை. கேம் முதலில் சீனாவில் மறைந்தது. பிப்ரவரி 25 அன்று உலகம் முழுக்க ஸ்டீமிலிருந்து இறக்கப்பட்டது. சீனாவில் அதை விநியோகித்த இண்டிவென்ட் நிறுவனத்தின் உரிமமே ரத்தானது.

2020 டிசம்பர் 16 அன்று போலந்தின் ஜிஓஜி கடை, டிவோஷனை விற்கப்போவதாக அறிவித்தது. சில மணி நேரத்தில் பின்வாங்கியது. விளையாட்டாளர்கள் பலரிடமிருந்து செய்திகள் வந்ததால் விற்கவில்லை என்று காரணம் சொன்னது. எந்த விளையாட்டாளர்கள் என்று சொல்லவில்லை. கடைசியில் 2021 மார்ச்சில் ரெட் கேண்டில் சொந்த இணையக் கடை திறந்து விற்றது.

இதே குழு 2017இல் செய்த முதல் கேம் ‘டிடென்ஷன்’. தைவானில் 1949 முதல் 1987 வரை நீண்ட ராணுவச் சட்ட காலத்தில், தடைசெய்யப்பட்ட புத்தகங்களை ரகசியமாகப் படிக்கும் ஒரு பள்ளி வட்டத்தைப் பற்றியது. அந்தத் தடையைப் போட்டது அரசு. ஆணை போட்டவர் யார் என்று தெரியும், எதிர்த்து நிற்கவும் ஒரு முகம் இருந்தது. டிவோஷன் விஷயத்தில் ஜிஓஜிக்கு வெளிப்படையாக ஆணையிட்டவர் என்று யாரும் இல்லை.

வாங்காதீர்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அந்தச் சீன விளையாட்டாளர்களுக்கும் கோபப்பட உரிமை உண்டு. மோசமான மதிப்புரை எழுதுவதும் கருத்துரிமைதான். ஆனால் யாருமே வாங்க முடியாதபடி செய்துவிட்டால், கோபம் நியாயமா என்று பார்த்து முடிவு செய்யக்கூட மற்றவர்களுக்கு வழியில்லை.

அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். வன்முறை கேம்களைச் சிறார்களுக்கு விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தை ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் ரத்து செய்தது. புத்தகம், நாடகம், சினிமா போல வீடியோ கேமும் கருத்தைச் சொல்லும் வடிவம், அதற்கும் அதே பாதுகாப்பு உண்டு என்றார் நீதிபதி ஸ்காலியா. செப்டம்பரில் ‘ஃபோன் ஸ்டோரி’ வந்தது. மோலெஇண்டஸ்ட்ரியா என்ற பெயரில் கேம்கள் செய்யும் இத்தாலியக் கலைஞர் பாவ்லோ பெதெர்சினியின் படைப்பு. காங்கோவின் கோல்டான் சுரங்கத்தில் சிறுவர்களை வேலை வாங்க வேண்டும். தொழிற்சாலை மாடியிலிருந்து குதிக்கும் தொழிலாளர்களை வலையில் பிடிக்க வேண்டும். பாகிஸ்தானில் மின்கழிவைப் பிரிக்க வேண்டும். கையிலிருக்கும் செல்பேசி எப்படி வந்தது என்பதை அந்தச் செல்பேசியிலேயே ஆடிப் பார்க்க வைத்தது. சில நாட்களில் ஆப்பிள் அதைத் தன் கடையிலிருந்து நீக்கியது. புத்தகத்துக்கு உள்ள இடம் கேமுக்கு இல்லை என்பதுபோல, மதத்தை விமர்சிக்க வேண்டுமென்றால் புத்தகம் எழுதிக்கொள்ளுங்கள் என்று அன்றைய ஆப்பிள் விதிமுறையிலேயே இருந்தது. நீதிமன்றம் புத்தகத்துக்குச் சமம் என்றதை, கடை மூன்றே மாதத்தில் சமமில்லை என்றது. அப்போது ஐபோனுக்கு அதிகாரபூர்வமான வேறு கடையும் கிடையாது.

சிறு குழுக்களுக்கு இந்தக் கடைகள்தான் எல்லாம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் காட்டி, 2024இல் பாஃப்டா விருது பெற்ற ‘வெண்பா’வும் ஸ்டீம் போன்ற கடைகள் வழியாகத்தான் நம்மிடம் வந்தது.

இப்போது கடைக்கும் மேலே ஒரு கை வந்திருக்கிறது. பெண்களைப் பலாத்காரம் செய்வதையே ஆட்டமாக்கிய ‘நோ மெர்சி’ என்ற கேம் 2025இல் கடும் கண்டனத்துக்குப் பின் ஸ்டீமிலிருந்து போனது. அதன் மீது எனக்கும் அருவருப்புதான். கண்டித்தவர்கள் சரியாகவே கண்டித்தார்கள். ஆனால் ‘கலெக்டிவ் ஷவுட்’ என்ற ஆஸ்திரேலிய அமைப்பு அதோடு நிற்காமல், இப்படிப்பட்ட கேம்களுக்குப் பணம் கைமாற விடாதீர்கள் என்று விசா, மாஸ்டர்கார்டு, பேபால் நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. ஜூலையில் ஸ்டீம் விதியை மாற்றிப் பல கேம்களை நீக்கியது. கேம்களை விற்கும் இட்ச் தளம் பாலியல் உள்ளடக்கம் என்று குறிக்கப்பட்ட அத்தனையையும் ஒரே நாளில் தேடலிலிருந்து மறைத்தது. வன்மத்தை விற்ற கேமும், தன் உடலையும் காதலையும் பற்றி ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்த கேமும் ஒரே வலையில் விழுந்தன. எதையும் ஆடிப் பார்த்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டாளர்கள் கார்டு நிறுவனங்களை விடாமல் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். நாங்கள் எந்தக் கேமையும் மதிப்பிடவில்லை என்றது மாஸ்டர்கார்டு. இடையிலிருக்கும் வங்கிகளும் நிறுவனங்களும் மாஸ்டர்கார்டின் 5.12.7ஆம் விதியைத்தான் காட்டின என்றது ஸ்டீமின் உரிமையாளரான வால்வ். தன் பெயருக்குக் களங்கம் வரும் விற்பனைகளைத் தடுக்க மாஸ்டர்கார்டு வைத்திருக்கும் விதி அது. முகம் சுளிக்க வைப்பதோடு, குறிப்பிடத்தக்க கலை மதிப்பும் இல்லாத படைப்புகளை அது விலக்குகிறது. கலை மதிப்பை எடைபோடும் அந்த வேலை பணப் பட்டுவாடா செய்யும் நிறுவனத்தின் வேலை அல்ல. சட்டவிரோதமானதை நீதிமன்றம் தடுக்கட்டும். மற்றதை நீக்கும் கடை, இன்ன கேமை இன்ன காரணத்துக்காக நீக்கினோம் என்று பெயர் போட்டு எழுதட்டும். செய்தவர் மறுபடி முறையிட ஒரு வழி வைக்கட்டும்.