பழைய மோட்டார் சைக்கிளும் புதிய பற்சக்கரமும்

தோட்டப்புறத்தில் வாழ்வோர்க்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. பொழுது புலருமுன் பிரட்டுக்களத்தை அடைவதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், நோயுற்றோரைப் பட்டணத்து மருத்துவரிடம் கொண்டு செல்வதற்கும் அதுவே துணை. புதிய வண்டி வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆதலின் பிறர் ஓட்டிய வண்டியை வாங்கிச் செம்மைப்படுத்திக் கொள்வோர் பலர். அது சிக்கனமான வழியே.

அத்தகைய வண்டிகளில், தயாரிப்பாளர் அமைத்த உறுப்புகளுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய வேறு உறுப்புகள் பூட்டப்பட்டிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அவை யாவும் தரமற்றவை எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஓர் உறுப்பு தன் இடத்தில் பூட்டிக்கொண்டது என்பது ஒன்று; அது நேராக நிற்கிறது என்பது வேறொன்று. இவ்வேறுபாட்டைச் சங்கிலியை இழுக்கும் பின் பற்சக்கரத்தைக் கொண்டு இங்கே விளக்குவோம். பட்டறைகளில் இதனை ‘ஸ்ப்ராக்கெட்’ என்பர்.

கோணலின் அறிகுறிகள்

ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ வண்டியில் சங்கிலி முழுவதும் ஓர் உறைக்குள் அடங்கியிருந்தது. அவ்வமைப்பைப் பின்பற்றிய ‘கப்சாய்’ வண்டிகள் பலவற்றிலும் அவ்வுறை உண்டு. அது சேற்றையும் மணலையும் தடுக்கிறது. அதே வேளையில் உள்ளிருக்கும் குற்றத்தையும் மறைத்து விடுகிறது. எனவே பழைய வண்டியை வாங்கியதும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உறையைக் கழற்றிப் பார்ப்பது முதல் வேலையாகும்.

பற்சக்கரம் கோணலாக இருந்தால் பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். சங்கிலியின் உட்தகடுகளிலும் அவ்வாறே ஒரு புறத்தில் உராய்வுத் தடம் காணப்படும். ஓடும்போது ‘கரகர’ என்ற ஓசை எழும். புதிய சங்கிலி மாட்டிய சில மாதங்களிலேயே மீண்டும் தளரும். இவற்றைக் கண்டும் காணாமல் இருந்தால் ஒரு நாள் சங்கிலி கழன்று சக்கரத்தைச் சிக்க வைக்கும். செம்மண் சாலையின் இறக்கத்தில், பின்னால் ஒரு பிள்ளையை அமர்த்திச் செல்லும்போது பின் சக்கரம் திடீரென நின்றால் விளைவு யாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வரிசையாக ஆராய்தல்

குற்றத்தைக் கண்டறிவதில் வரிசை தவறலாகாது. பலர் சங்கிலியை மாற்றுகின்றனர். அது தேய்ந்ததும் மறுபடி மாற்றுகின்றனர். சங்கிலியோ குற்றத்தால் பாதிக்கப்படுவது. பெரும்பாலும் குற்றத்திற்குக் காரணம் அதுவன்று.

முதலாவது, அளவைச் சரிபாருங்கள். சங்கிலியின் தகட்டில் 420, 428 என்பன போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்விருவகைச் சங்கிலிகளிலும் ஓர் உருளையின் நடுவிலிருந்து அடுத்த உருளையின் நடுவரை 12.7 மில்லிமீட்டர்தான். ஆனால் உள்ளகலம் 420 வகைக்கு 6.35 மில்லிமீட்டர், 428 வகைக்கு 7.94 மில்லிமீட்டர். ஆதலால் 420 பற்சக்கரத்தில் 428 சங்கிலி ஏறிக்கொள்வது போலத் தோன்றினாலும் பக்கவாட்டில் ஆடும். அதன் உருளைகளும் பற்களின் குழியில் செவ்வனே படியா. இரு பற்சக்கரங்களும் சங்கிலியும் ஒரே எண்ணுக்கு உரியனவாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பின் சக்கரத்தைத் தரையினின்று உயர்த்திக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். விரல்களைச் சங்கிலிக்கு அருகில் கொண்டு செல்ல வேண்டா. பற்சக்கரம் இடமும் வலமுமாக அசைந்து சுழன்றால் அது தன் இருக்கையில் சமமாகப் படியவில்லை என்பது பொருள். துருவோ, பழைய சேறோ, வண்ணப்பூச்சின் திரளோ இடையில் சிக்கியிருக்கலாம், போல்ட்டுகள் சமமாக இறுக்கப்படாமல் இருக்கலாம், பற்சக்கரமே வளைந்திருக்கலாம். டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, பேரிங்குகள் தேயவில்லை என்பதையும் உறுதி செய்க.

மூன்றாவது, சக்கரம் நேராக நிற்கிறதா எனக் காண்க. சக்கர அச்சின் இருபுறமும் உள்ள அளவுக்கோடுகளை மட்டும் நம்புதல் போதாது; விபத்துக்குள்ளான வண்டியில் அவையே பொய் சொல்லும். ஒரு நீண்ட நூலைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, மிதிகட்டையும் ஸ்டாண்டும் தடுக்காத உயரத்தில், இரு முனைகளையும் முன் டயர் வரை இழுத்துப் பிடியுங்கள். பின் டயரின் இரு ஓரங்களையும் நூல் தொட்டுச் செல்ல வேண்டும். கைப்பிடி நேராக இருக்கையில், முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு புறமும் சமமாக இருந்தால் சக்கரம் நேராக உள்ளது.

நான்காவது, சக்கரத்தை நேர்ப்படுத்திய பின்னரே பற்சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். சங்கிலியைக் கழற்றிவிட்டு, கோணாத இரும்பு அளவுகோலைப் பின் பற்சக்கரத்தின் முகத்தில் படிய வைத்து முன்னோக்கி நீட்டுங்கள். அது முன் பற்சக்கரத்தின் முகத்தையும் ஒட்டிச் செல்ல வேண்டும். விலகி நின்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். குழிவுள்ள பற்சக்கரம் முன்பின்னாக மாற்றிப் பூட்டப்பட்டிருக்கலாம்; இடையில் இருக்க வேண்டிய வளையம் விடுபட்டிருக்கலாம்; அல்லது அப்பற்சக்கரம் வேறு வண்டிக்கு உரியதாக இருக்கலாம். பழைய அசல் உறுப்பு கிடைத்தால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். உண்மை உடனே விளங்கும்.

செய்யத் தகாதவை

சங்கிலி நேராக ஓடவேண்டும் என்பதற்காகப் பின் சக்கரத்தையே சாய்த்துப் பூட்டுவோர் உளர். இதனால் ஓசை குறையலாம். ஆனால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் சீரின்றித் தேயும். ஒரு தவறான உறுப்பிற்காக வண்டி முழுவதையும் தவறாக்குவது அறிவுடைமையாகாது. துளைகளை அராவி அகலப்படுத்துவதும், சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும், கிடைத்த வாஷர்களை எல்லாம் அடுக்குவதும் அவ்வாறே தகாதன. வாஷர்கள் மிகுந்தால் நட்டு பிடித்துக்கொள்ளப் போதிய புரி இராது.

சக்கரத்தைத் தாங்கும் பின் கவடே வளைந்திருப்பதாக ஐயமுற்றால் வண்டியை ஓட்டாமல், தேர்ந்த பட்டறையில் காட்டுவதே நன்று.

மீண்டும் பூட்டும்போது

சங்கிலியின் தளர்ச்சி சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும். எனினும் உங்கள் வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. சக்கரத்தைச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தில் அளந்து பாருங்கள். இணைப்புக் கண்ணியில் கொக்கி இருந்தால் அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக்கின் பிடிப்பும் மாறியிருக்கும். அதனையும் பிரேக் விளக்கையும் சரிபார்த்த பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்க.

மலிவான உறுப்பை வாங்குவதில் மிச்சமாகும் வெள்ளியை விட, அது கோணலாக நின்று தேய்க்கும் சங்கிலிகளுக்கும் டயர்களுக்கும் ஆகும் செலவு பெரிது. வாங்கும் முன் பழைய உறுப்பைக் கடைக்குக் கையோடு கொண்டு செல்லுங்கள். வண்டியின் பெயரை மட்டுமன்றி அதன் மாதிரியையும் ஆண்டையும் கூறுங்கள். பூட்டிய பின் ஒரு நூலும் ஓர் அளவுகோலும் கொண்டு அரை மணி நேரம் சோதியுங்கள். மறுநாள் இருள் பிரியாத வேளையில் வேலைக்குப் புறப்படுவோர் அச்சமின்றிச் செல்லலாம்.