கருமுனைச் சுறா

சுறா என்றதும் நம் நெஞ்சில் எழுவன நடுக்கடலும் கோரப் பல்வரிசையுமே. எனினும் முழங்காலளவு நீரில் உலவும் சுறா ஒன்றும் உண்டு. இலட்சத் தீவுகளிலும் அந்தமானிலும் வாழும் நம் அன்பர் பலர் அதனைக் கரையில் நின்றபடியே கண்டிருக்கக் கூடும். முதுகுத் துடுப்பின் நுனி மையில் தோய்த்தாற்போல் கறுத்திருக்கும். அதன்கீழ் வெண்ணிறப் பட்டை ஒன்று ஓடும். ஆதலின் அதனைக் கருமுனைச் சுறா என்போம்.

செங்கடல் முதல் பசிபிக் மாகடலின் நடுத்தீவுகள் வரை பவளம் வளரும் வெப்பக் கடல்களில் இஃது உறைகின்றது. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்ட பின்னர் அவ்வழியே மத்தியதரைக் கடலிலும் புகுந்துவிட்டது. வளர்ந்த சுறாவின் நீளம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அளவே.

பவளத் திட்டு வெறும் கற்பாறையன்று. சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் கூடித் தம் சுண்ணாம்புக் கூடுகளால் கட்டிய கோட்டை அது. அக்கோட்டைக்கும் தீவின் கரைக்கும் இடையே அமைதியான ஆழமற்ற காயல் கிடக்கும். நீர் ஏறும் வேளையில் நம் சுறா திட்டின்மேல் வந்து மேயும். வற்றும் வேளையில் விளிம்பிற்கு ஒதுங்கும். மடவை முதலிய சிறுமீன்களும், கணவாயும், நண்டும், இறாலும் அதற்கு இரை. மணலில் புதைந்த மீனின் உடலிலிருந்து எழும் நுண்ணிய மின்னோட்டத்தையும் மூக்கருகிலுள்ள நுண்துளைகளால் அது உணரவல்லது. மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகியே ஓடும். நீரில் நடப்போரின் காலை இரையென மயங்கி எப்போதேனும் கடித்ததுண்டு. ஆனால் இதனால் உயிரிழந்தார் எனப் பதிவு பெற்றவர் எவருமிலர்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதன் இயல்பில் வியப்பூட்டுவது, இருந்த இடத்தை விடாமையே. பசிபிக்கின் பால்மைரா என்னும் பவளத் தீவில் ஒலிக்கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, ஒரு சுறா நடமாடிய பரப்பு சராசரி அரைச் சதுர கிலோமீட்டர் அளவே எனத் தெரிந்தது. நம் சிற்றூர் ஒன்றின் ஏரிப் பரப்பு இதனினும் பெரிதாயிருக்கும்! குட்டி ஈனும் காலத்தில் மட்டும் சில தாய்ச்சுறாக்கள் பயணம் மேற்கொள்கின்றன. தாகித்தித் தீவுக்கு அருகிலுள்ள மோரியாவில் வாழும் பெண்சுறாக்களுள் சில, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஆழ்கடலைக் கடந்து டெட்டியாரோவா என்னும் தீவின் காயலில் குட்டி ஈன்றமையை மரபணு ஆய்வு காட்டியது. ஈனும் காயலுக்கே அடுத்த முறையும் திரும்புவது இவற்றின் வழக்கம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் மகளிர் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆயினும் ஒப்புமை அம்மட்டே. சுறாத் தாய் குட்டிகளைப் பேணுவதில்லை. ஈன்றதும் விட்டு நீங்கிவிடும். குட்டிகள் கரையோர ஆழமற்ற நீரிலும் கண்டல் மரங்களின் வேர்ச்செறிவிலும் பெரிய மீன்களுக்குத் தப்பி வளர வேண்டியதுதான்.

இது முட்டையிடும் மீனன்று. கரு தாயின் வயிற்றிலேயே கொடியால் ஊட்டம் பெற்று வளரும். மோரியாவில் கணக்கிட்ட சூற்காலம் 286 முதல் 305 நாள்; ஒரு பேற்றில் பிறப்பன பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகள். வஞ்சிரம் இலட்சக்கணக்கில் முட்டை சொரிவதை எண்ணினால் இதன் வறுமை விளங்கும்.

துன்பத்தின் வேர் இங்கேயே உள்ளது. ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடல் சென்று சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர் குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர். அவர்கள் நாடுவன பெருங்கடலின் பெரிய சுறாக்கள். கருமுனைச் சுறாவோ கரையோரம் விரித்த செவுள் வலைகளில் பிற மீன்களோடு சிக்குகின்றது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் இதனை அழிவாய்ப்புள்ள இனமென மதிப்பிட்டது. சுறாத் துடுப்பின் ஏற்றுமதியை இந்திய அரசு 2015-இல் தடை செய்தது. வீடும் சேதமுற்று வருகின்றது: கடல்நீர் வெப்பமேறி இலட்சத் தீவுப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளுத்து, பெருமளவு மாண்டன.

ஒரு காயலின் சுறாக்களைப் பிடித்துத் தீர்த்துவிட்டால், அயல் தீவிலிருந்து வந்து குடியேறுவன அரிது. எஞ்சிய குட்டிகளே வளர்ந்து பெருக வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் ஆய்ந்தவர் கணக்குப்படி, ஆண்சுறா முதிர்ச்சியடைய 4 ஆண்டும், பெண்சுறா தாயாவதற்கு 8 ஆண்டுக்கு மேலும் ஆகின்றன.