டாங்கிப் பொம்மையும் வரலாற்று மெய்ம்மையும்

பொம்மை செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். சென்ற கோடை வரையில் நாமும் அவ்வாறே கருதியிருந்தோம். அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் நால்வர், விடுமுறைப் பொழுதை வீணாக்காமல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஓட்டிய 'டைகர்' டாங்கியைப் பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கினர். நம் சங்க ஆண்டு விழாவின் கண்காட்சியில் அதனை வைப்பது அவர்கள் எண்ணம். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் நீளமும் அகலமும் எடையும் எழுதியே நாள் கழிக்கும் நம்மையும் யோசனை கேட்க அழைத்தனர். அழைத்தது அவர்கள் பிழையோ, போனது நம் பிழையோ, வாசகர்களே பின்னர்த் தீர்மானித்துக் கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல் விளையாட்டு. பெங்களூரில் 'ஜெர்மன் டாங்க்' என்றவுடன் விமானத் தொழிற்சாலைக் குடும்பத்துப் பெரியவர்கள் வேறொன்றை நினைப்பார்கள். குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1956-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்து, 'மாருத்' என்னும் போர் விமானத்தை வடிவமைத்தார். அது முதன்முதல் பறந்த நாள் 1961 ஜூன் 17. அதற்கு முன்பே, அதே அளவும் அதே இறக்கை அமைப்பும் கொண்ட மரத்தாலான மிதவை விமானம் ஒன்றைச் செய்து, 1959-இல் டகோட்டா விமானத்தைக் கொண்டு இழுக்கச் செய்து, வானில் சோதித்தனர். எஞ்சின் இல்லாத அந்த மரப் பொம்மைக்குள் உயிருள்ள விமானி அமர்ந்திருந்தார். மாதிரியின் அளவு பிழைத்தால் என்னவாகும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? இதை நாம் சொன்னபோது, "எங்கள் டாங்கிக்குள் யாரும் உட்காரப் போவதில்லை, ஐயா" என்றான் நால்வரில் இளையவன். அப்போது நமக்கு விடை தோன்றவில்லை.

பொம்மையைப் பார்த்தோம். ஒட்டுப்பலகையும் அட்டையும் கொண்டு உடலைத் திருத்தமாகவே அமைத்திருந்தனர். பீரங்கியோடு சேர்த்து மெய்யான டைகரின் நீளம் ஏறத்தாழ 8.45 மீட்டர், பதினாறால் வகுத்தால் 53 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் குற்றமில்லை. குழாயில்தான் சிக்கல். வீட்டில் தண்ணீர் வேலைக்கு வாங்கி மிஞ்சிய அரை அங்குல பி.வி.சி. குழாயைப் பீரங்கியாகச் செருகியிருந்தனர். டைகரின் பீரங்கி வாய் 88 மில்லிமீட்டர். பொம்மையில் அது ஐந்தரை மில்லிமீட்டராதல் வேண்டும். அவர்கள் வைத்த குழாயின் வாயைப் பதினாறால் பெருக்கிப் பார்த்தால் 240 மில்லிமீட்டருக்குக் குறையாது. அது போர்க்கப்பலில் பூட்டத்தக்க பீரங்கி! அளவுகோலின் கொடுமை இதுதான். ஒரு மில்லிமீட்டர்ப் பிழை அங்கே பதினாறு மில்லிமீட்டராகிறது. இன்று உலகெங்கும் டாங்கிப் பொம்மைகளில் பெருவழக்காயுள்ள முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவுகூட யாரோ ஆராய்ந்து கண்டதன்று. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா கம்பெனி தன் 'பாந்தர்' டாங்கிப் பொம்மைக்குள் மோட்டாரும் பாட்டரியும் அடங்க வேண்டுமென்று வைத்த அளவு அது. பாட்டரிக்காக வந்தது, பின்னர் மரபாகிவிட்டது.

அளவைவிடப் பெரிய வினா காலம். 'டைகர் டாங்கி' என்று ஒரே பொருள் இருந்ததில்லை. 1942 ஆகஸ்டு முதல் 1944 ஆகஸ்டு வரையில் 1,347 டைகர்கள் கட்டப்பட்டன. மாதந்தோறும் ஏதேனும் மாறிக்கொண்டே இருந்தது. தளபதி தலை நீட்டும் மேற்கூண்டு முதலில் உயர்ந்த உருளையாய் இருந்து, 1943 ஜூலை வாக்கில் தாழ்ந்த வேறு வடிவம் பெற்றது. ரப்பர் விளிம்புச் சக்கரங்கள் 1944 பெப்ரவரி வாக்கில் இரும்பு விளிம்புச் சக்கரங்களாயின. காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்க உடலெங்கும் வரிவரியாய்ப் பூசிய 'சிம்மரிட்' என்னும் காரை, 1943-இன் பிற்பகுதிக்கு முன் எந்த டைகரிலும் இல்லை. நம் இளைஞர்களோ உருளைக் கூண்டையும் வைத்து, பற்குச்சியால் அழகாகச் சிம்மரிட் வரியும் போட்டிருந்தனர். தாத்தாவின் குடுமியைப் பேரன் தலையில் வைத்தது போலாயிற்று! ஆகவே டாங்கி செய்பவன் முதலில் எடுக்க வேண்டியது உளியன்று, நாட்காட்டி. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஊர் என்று தீர்மானித்த பிறகே மற்றவை.

இவ்விடத்தில் நம் புலமையைக் காட்டப் போய் நாமே அகப்பட்டுக் கொண்டோம். டைகரைக் கட்டிய ஹென்ஷல் தொழிற்சாலை, காஸல் நகரில் நெடுங்காலமாக ரயில் எஞ்சின் செய்துவந்த பட்டறை. பிற்காலத்தில் நம் நாட்டுக்கும் அங்கிருந்து எஞ்சின்கள் வந்துள்ளன. ரயில்வேக்காரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளம் பூரித்துவிட்டது. "டாங்கியை ஒரு தட்டை வாகன் மேல் ஏற்றிக் காட்டுங்கள், வாகனை நாம் செய்து தருகிறோம்" என்று வாக்களித்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு வாகனும் செய்துவிட்டோம். மூன்றாம் ஞாயிறன்று இளையவன் காகிதமும் பென்சிலுமாய் வந்தான். "ஐயா, நம் அகலப் பாதையில் வண்டியின் அகலம் 3.25 மீட்டரைத் தாண்டலாமா?" கூடாது என்றோம். "டைகரின் அகலம் ஏறத்தாழ 3.7 மீட்டர், ஜெர்மனியின் பாதையோ நம்முடையதைவிடக் குறுகியது. பிறகு எப்படிப் போயிற்று?" அளவு மீறிய சரக்கென்றால் தனி அனுமதி வேண்டும், வழியெல்லாம் எச்சரிக்கை வேண்டும் என்று நாள்தோறும் பிறருக்குச் சொல்லும் நாம் வாயடைத்து நின்றோம். விடையையும் அவனே கண்டிருந்தான். ரயிலில் ஏற்றுமுன் ஒவ்வொரு பக்கத்திலும் வெளிப்புறச் சக்கரங்களைக் கழற்றி, 72.5 சென்டிமீட்டர் அகலமுள்ள போர்ச் சங்கிலியை நீக்கி, 52 சென்டிமீட்டர்ச் சங்கிலியைப் பூட்டுவார்களாம். அப்போது அகலம் 3.15 மீட்டருக்குள் அடங்கும். எனவே போர்ச் சங்கிலியோடு டைகர் வாகன் மேல் நிற்பது பொய். நம் வாகன் இப்போது வீட்டில் செருப்பு வைக்கும் பலகையாய்ப் பயன்படுகிறது.

அடுத்து எழுந்த வழக்கு இன்னும் கடினமானது. ஓர் இளைஞன் சுழல்மேடையின் இருபுறமும் பெரிய ஸ்வஸ்திகம் தீட்டியிருந்தான். அது இல்லாவிட்டால் ஜெர்மன் டாங்கி என்று யாருக்குத் தெரியும் என்பது அவன் வாதம். மெய்யில் டாங்கியின் பக்கத்தில் இருந்தது கறுப்பும் வெள்ளையுமான சிலுவைக் குறி. ஸ்வஸ்திகக் கொடியைத் தம் விமானங்கள் அடையாளம் காண்பதற்காக மேலே விரித்ததுண்டு. பக்கத்தில் அவ்வாறு தீட்டுவது வழக்கமன்று. இதைக் கேட்ட சங்கத்து அன்பர் ஒருவர், "வம்பே வேண்டாம், எல்லாக் குறியையும் அழித்துவிடுங்கள்" என்றார். அதுவும் நமக்கு உடன்பாடில்லை. இல்லாததைத் தீட்டுவது எவ்வளவு பிழையோ, இருந்ததை மறைப்பதும் அவ்வளவு பிழை. காஸல் பட்டறையில் அயல்நாடுகளிலிருந்து வலிந்து கொண்டுவரப்பட்ட மக்களும் உழைக்க வைக்கப்பட்டனர். அதையும் பொம்மையின் கீழ் அட்டையில் எழுதச் சொன்னோம். எழுதினர்.

ஆயினும் மிகப் பெரிய குறையைச் சுட்டியவர் நாமல்லர். தண்டுப் பகுதியில் வாழும் முதியவர் ஒருவர் பொம்மையைப் பார்க்க வந்தார். அவர் தந்தையார் மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1780-இல் தோன்றி 1834 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையோடு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. முதியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றாயிருக்கிறது, தம்பி. இது போன வழியில் புதைத்த வெடியை எடுத்தவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள். அவர்களை ஏன் செய்யவில்லை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எல்லாரையும் தைத்தது.

அன்று மாலையே நாட்காட்டி மாற்றப்பட்டது. 1943 மே மாதம், துனிசியா நாட்டில் மெஜஸ் எல் பாப் பகுதி. அங்கேதான் ஏப்ரல் 24 அன்று ஆங்கிலேயர் 131 என்ற எண்ணுள்ள டைகரைக் கைப்பற்றினர். அது இன்றும் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் உள்ளது. அதே பகுதியில் மே தொடக்கத்தில் நான்காம் இந்திய டிவிஷன் இறுதித் தாக்குதலில் இறங்கியது. மதராஸ் சாப்பர்ஸின் 12-ஆவது பீல்டு கம்பெனி அந்த டிவிஷனைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இத்தாலியின் மின்யானோவில், அதே சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்து உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். இவற்றையெல்லாம் சொன்னபோது நால்வரும் கேட்டுக்கொண்டே சிம்மரிட் வரிகளை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டிருந்தனர்.

இப்போது காட்சி இதுதான்: பாதையோரம் கைவிடப்பட்ட பழுப்பு நிற டைகர், அதன் முன், வெடி தேடும் கருவியைத் தரையோடு நகர்த்தி வரும் தமிழ்ச் சாப்பர் இருவர். ஐந்தரை அடி மனிதன் இந்த அளவில் பத்தரை சென்டிமீட்டர் உயரம். டாங்கியின் அருகே நிறுத்தினால்தான் அந்த இரும்பு மலையின் பருமன் கண்ணுக்குத் தெரிகிறது. இப்படியொரு கணம் படமெடுக்கப்பட்டதாகக் கொள்ளற்க என்பதற்காக, 'பொருள்கள் மெய், காட்சி எங்கள் அமைப்பு' என்று அட்டையில் தெளிவாக எழுதுவதென்று முடிவாயிற்று. இதனை வற்புறுத்தியவன் அதே இளையவன்.

வேலை முடியவில்லை. ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம். இரு பக்கமும் சேர்த்து 48. முதலில் பக்கத்துக்கு எட்டு மட்டுமே வைத்து, உள்ளே இருப்பவை யாருக்குத் தெரியப் போகின்றன என்று விட்டிருந்தனர். இப்போது எல்லாவற்றையும் செய்கின்றனர். சக்கரம் ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டர். ரப்பர் விளிம்புக்குப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுகிறார்கள். சென்ற ஞாயிறு வரை 31 முடிந்துள்ளன. வீட்டில் பழைய ட்யூப் வைத்திருக்கும் அன்பர்கள் கொடுத்துதவலாம்.