கறுப்புச் சுவரும் பச்சைச் செடியும்

வரவேற்பறைச் சுவர்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, மூலையில் பச்சைச் செடிகளை வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால், சில மாதங்களில் செடியின் தண்டு மெலிந்து, இலைகள் மஞ்சளாகிவிடலாம். தவறாமல் நீர் ஊற்றியும் ஏன் இப்படி?

காரணம் ஒளி. வெள்ளைச் சுவர், தன்மீது படும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். சன்னல்வழி வரும் ஒளி சுவருக்குச் சுவர் பட்டு மூலைவரை சென்று சேரும். கறுப்புச் சுவரோ ஏறத்தாழ 5 விழுக்காட்டையே திருப்பும். மீதியை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும்.

செடிக்கோ ஒளிதான் உணவுக்கு வழி. இலையிலுள்ள பச்சையம் சிவப்பு, நீல ஒளியை அதிகம் ஈர்க்கிறது. பச்சை ஒளியில் ஒரு பகுதி திரும்பி வருவதால் இலை பச்சையாகத் தெரிகிறது. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. அதில் செலவாகும் உணவைவிட ஒளிச்சேர்க்கையில் தயாராகும் உணவு குறைந்தால், சேமிப்பு கரைந்து செடி வாடும்.

இந்த ஒளிக்குறைவு நமக்கு எளிதில் தெரிவதில்லை. நண்பகல் வெயில் 100,000 லக்ஸ் வரை இருக்கும். விளக்கெரியும் வரவேற்பறையில் சில நூறு லக்ஸ்தான். ஆயினும், நம் கண் ஒளிக்கேற்பத் தன்னைத் தகவமைத்து ஈடுகட்டிவிடுகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் கறுப்பே கூடாதா? பூசலாம், இடமறிந்து. சன்னல் இருக்கும் சுவரில் சன்னலொளி நேராகப் படுவதில்லை. அதற்குக் கறுப்புப் பூசினால் இழப்பு குறைவு. எதிர்ச்சுவர் வெள்ளையாக இருக்கட்டும். செடியைச் சன்னலருகே வையுங்கள். அறையும் அழகாகும், செடியும் பிழைக்கும்.