செகண்ட் ஹாண்ட் மூச்சு

ஜீப்பைப் பழசாக வாங்கலாம். பம்புசெட்டையும் பழசாக வாங்கலாம். தண்ணீருக்கு அடியில் சுவாசிக்கும் கருவியை?

இடுக்கி மலைச்சரிவுகளில் பழைய ஜீப்புக்கு இருக்கும் மரியாதை புதுக் காருக்குக் கிடையாது. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டிகளில் பல, ஓட்டுநரைவிட வயதில் மூத்தவை. கம்பத்திலிருந்து குமுளிக்கும் போடியிலிருந்து போடிமெட்டுக்கும் அவை நாள் தவறாமல் ஏறி இறங்குகின்றன. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், வாளையார் போனாலும் இதே கதைதான். பழையதை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டுவது எல்லைப்புறத்து இயல்பு. வண்டி பாதி வழியில் நின்றால் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்துவிட்டு மெக்கானிக் வரும்வரை காத்திருக்கலாம். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அண்டை கொடுக்கக் கல் கிடைக்காது.

அந்தமானிலோ புதுச்சேரியிலோ கேரளத்துக் கோவளத்திலோ ஒருமுறை ஸ்கூபா முங்கி எழுந்தவர்களுக்கு அடுத்த ஆசை, சொந்தக் கருவி. புதிதாக முழு செட் வாங்கினால் லட்ச ரூபாய் எளிதாகக் கரையும். பாதி விலைக்கு, அதற்கும் கீழே, பழையது கிடைக்கிறது என்றால் யாருக்கும் சபலம் தட்டும். விற்பவர் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான்: நாலைந்து தடவைதான் இறங்கியது.

பழையது எல்லாமே ஆபத்து என்று தள்ளிவிட முடியாது. முகமூடியைப் பட்டையில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும்; நின்றால் வாங்கலாம். துடுப்புக் காலணியில் ரப்பர் வெடிக்காமல் இருந்தால் போதும். ஈய எடைக்கு வயதே இல்லை. நீர் உடுப்பு நாள்பட்டால் நசுங்கி மெலிந்து குளிர் தாங்காது, அவ்வளவே. மிதவைச் சட்டையை ஊதி ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. காற்று நிரப்பும் பொத்தான் உப்பு படிந்து அழுத்திய இடத்திலேயே சிக்கிக்கொள்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். தண்ணீருக்குள் அது சிக்கினால் ஆள் நினைக்காமலே மேலே பறப்பார், நுரையீரல் தாங்காது.

சிக்கல் தொடங்குவது ரெகுலேட்டரில். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து, மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று தரும் கருவி இது. 1943-ல் பிரான்சில் ஜாக் குஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கியதன் வாரிசு. போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் எரிவாயுவால் ஓடிய கார்களுக்காகச் செய்த வால்வைத்தான் காஞான் இதற்கு மாற்றியமைத்தார் என்பது சுவாரசியமான விஷயம். ஆனால் காஞான் பொறியாளர். பார்த்துப் பார்த்துச் செய்தார். சந்தையில் கிடைக்கும் பழைய ரெகுலேட்டர் யார் கையில் எப்படி இருந்ததோ?

சிலிண்டரோடு சேரும் வாயில் சிறிய உலோக வடிகட்டி இருக்கும். அது பச்சை பூத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து அரித்திருக்கிறது என்று பொருள். செந்நிறத் தூள் இருந்தால், துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரில் அது பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் பேரம் பேச வேண்டியதில்லை, திரும்பி வந்துவிடலாம். சுத்தமாக இருந்தாலும் உள்ளேயுள்ள ரப்பர் வளையங்களையும் வால்வு இருக்கைகளையும் பயிற்சி பெற்ற ஆள் மாற்றித் தர வேண்டும். அந்த மாடலுக்கு உதிரி பாகம் இப்போதும் வருகிறதா என்று விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. சர்வீஸ் செலவையும் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது பல நேரம் மலிவாக இருக்காது.

சிலிண்டர் இன்னும் மோசம். சாதாரண அலுமினியச் சிலிண்டரில் அடைத்த காற்றின் அழுத்தம் சுமார் 200 பார். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. 1970களிலும் 80களிலும் 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்யப்பட்ட சிலிண்டர்கள் சிலவற்றில் கழுத்துப் பகுதியில் விரிசல் விழுந்து, நிரப்பும்போதே வெடித்த சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. இரும்புச் சிலிண்டருக்கு வேறு வியாதி. இடுக்கியைப் போல மாதக்கணக்கில் மழை ஈரம் நிற்கும் ஊரில், உள்ளே நீர்த்துளியோடு மூடிவைத்தால் துரு ஏறும். துருப்பிடிக்க ஆக்ஸிஜன் வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கும் ஆக்ஸிஜனையே அது தின்றுவிடும். மானி நிறைய அழுத்தம் காட்டும், வரும் காற்றில் உயிர் இருக்காது.

சட்டமும் சும்மா விடுவதில்லை. 2016-ம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளின்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அங்கீகரித்த வகைச் சிலிண்டரைத்தான் நிரப்பலாம். அதுவும் காலத்தில் நீரழுத்தச் சோதனை முடித்துத் தேதி பொறித்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன சிலிண்டரை ஆசையாக வாங்கியவர், அதை நிரப்ப ஆள் கிடைக்காமல் வீட்டு மூலையில் நிறுத்திவைக்க நேரலாம்.

நிரப்புவது எங்கே? பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பத்துப் பார் அழுத்தத்தோடு களைத்துவிடும். அதன் எண்ணெய்ப் புகையைச் சுவாசிப்பதும் நல்லதல்ல. பாலக்காட்டுக்காரருக்கு இன்னொரு யோசனை தோன்றலாம். கஞ்சிக்கோட்டில் பெரிய ஆக்ஸிஜன் ஆலையே இருக்கிறது. 2021 கோவிட் அலையின்போது நாடறிந்த ஊர் அது. ஆனால் சுத்த ஆக்ஸிஜன் நோயாளிக்கு மருந்து, முக்குளிப்பவருக்கு விஷம். ஆறு மீட்டருக்குக் கீழே அது வலிப்பைக் கொண்டுவரும். ஸ்கூபா சிலிண்டரில் அடைப்பது ஆக்ஸிஜன் அல்ல, வடிகட்டிய சாதாரணக் காற்று என்பதே பலருக்குத் தெரியாது.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் மலை தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது. கருவி வாங்கியவர் கண்ணுக்கு முதலில் தெரிவது பக்கத்து அணைதான். மலம்புழா, இடுக்கி போன்ற நீர்த்தேக்கங்களில் இஷ்டத்துக்கு இறங்க அனுமதி இல்லை. தேக்கடி ஏரியோ புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே விபத்து நடந்தால் உதவி வர நேரமாகும். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது கடற்படை முக்குளிப்பாளர்கள் கொச்சியிலிருந்து வர வேண்டியிருந்தது.

சட்டத்தை விட்டுவிட்டாலும் இயற்பியல் விடாது. கடல் மட்டத்துக்காகப் போட்ட முக்குளிப்பு அட்டவணைகள் சுமார் 300 மீட்டர் உயரம் வரைதான் செல்லும். இடுக்கி அணையின் முழுக் கொள்ளளவு மட்டமே 732 மீட்டர். பழைய முள் ஆழமானி 1,500 மீட்டர் உயரத்து ஏரியில் ஒன்றரை மீட்டர் குறைத்துக் காட்டும். பழைய கணினிக் கைக்கடிகாரங்கள் சிலவற்றில் உயரத்தை நாமே மாற்றிவைக்க வேண்டும். அதன் கையேடு, வாங்கியவர் கைக்கு வருவது அபூர்வம்.

அணைப் பக்கமே போகாதவரும் தப்பவில்லை. கடலில் முங்கும்போது ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், கோலி சோடாவைத் திறந்ததுபோல, வெளி அழுத்தம் குறைந்தால் குமிழ் விடும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். அதனால்தான் ஒருமுறை முங்கியவர் 12 மணி நேரமும், பலமுறை முங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது விதி. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். விமானத்துக்குள் பராமரிக்கப்படும் காற்றழுத்தம் ஒத்திருப்பது அந்த மாதிரி உயரங்களைத்தான். காலையில் கோவளத்தில் இரண்டு முறை முங்கிவிட்டு, மாலையில் தேவிகுளம் பஸ் பிடிப்பவருக்கு விமான நிலைய அறிவிப்பு எதுவும் கேட்காது. பழைய ஜீப்பில் ஏறினாலும், புது பஸ்ஸில் ஏறினாலும், அவர் ஒரு நாள் கடற்கரையில் தங்கிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.