தரவையும் ஒரு பூங்காதான்

காட்டுயிர் பார்க்க வில்பத்துவுக்கோ யாலாவுக்கோ போகவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் பலரும் கொண்டுள்ள எண்ணம். வடக்கிலேயே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். ஆனால் அங்கே போய் எதைப் பார்ப்பது என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளக் கோப்பாய் – கைதடி வீதியின் நீரேரிக் கரையே போதும். மாரி மழையில் அங்குள்ள தரவை எனப்படும் உவர்த் தாழ்நிலம் நிறையும்போது வடக்கு நாடுகளிலிருந்து வலசைப் பறவைகள் வந்திறங்கும். அலகைக் கவனித்தால் பாதிக் கதை விளங்கிவிடும்: குட்டை அலகு சேற்றின் மேற்பரப்பில் கொத்தும், நீண்ட அலகு ஆழத்தில் துழாவும். ஒரே சேற்றில் பல இனங்கள் சண்டையின்றிப் பசியாறுவது இப்படித்தான். பூநாரையோ தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டும்; அதன் இளஞ்சிவப்பு நிறமும் உண்ணும் பாசியிலும் சிற்றிறாலிலும் இருந்து வருவதே.

‘உப்புத் தரையில் என்ன முளைக்கும்? அது வெறுங்காணிதானே’ என்பார்கள். உப்பைத் தண்டில் தேக்கிவைத்துத் தடித்து நிற்கும் உமரியையும், மூச்சு வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டும் கண்டலையும் பார்த்தபின் அப்படிச் சொல்வது கடினம். யானையும் சிறுத்தையும் இங்கில்லை, உண்மைதான். ஆனால் சிறுத்தைக்காக நாள்முழுக்கக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவோர் உண்டு. மாரியில் தரவை அப்படி ஏமாற்றுவது அரிது. கார்த்திகை முதல் மாசி வரை காலை வேளையில் போங்கள். கிட்டே நெருங்காதீர்கள், குப்பையை அங்கே கொட்டாதீர்கள்.