தென்னையின் கருத்த ஓலை

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் வீழ்ந்த தென்னைகளை நம் குடும்பங்கள் எளிதில் மறவா. வீழ்ந்த இடங்களில் நட்ட கன்றுகள் இன்று காய்க்கும் மரங்களாகி நிற்கின்றன. அவற்றின் ஓலைகள் கரி பூசினாற்போல் கருத்திருக்கக் காணும் இல்லத்தார் மனம் பதைப்பது இயல்பே. “சாமி, மரத்துக்கு ஏதோ நோய் வந்துவிட்டது, வெட்டிவிடலாமா?” என்று வினவுவோர் உளர். வெட்ட வேண்டுவதில்லை.

கருமை படிந்த மட்டையின் மேற்புறத்தை மட்டும் நோக்கினால் உண்மை புலப்படாது. அதற்கு மேலடுக்கிலுள்ள மட்டையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே வெண்மெழுகால் சுருள் சுருளாக வரைந்தாற்போன்ற கோடுகளும், சுண்ணாம்புத் தூள் போன்ற படிவும், தொட்டால் எழுந்து பறக்கும் சிறு ஈக்களும் இருப்பின், வந்திருப்பது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. நடு அமெரிக்க நாடாகிய பெலீசில் கண்டறியப்பெற்று 2004இல் பெயரிடப்பட்ட இப்பூச்சி, 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும், 2016இல் நம் பொள்ளாச்சித் தோப்புகளிலும் காணப்பட்டது. ஓலையின் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவைக் கீழ் மட்டைகளின்மேல் சொரிகிறது. அவ்வினிப்பில் வளரும் பூசணமே நாம் காணும் கருமை. அப்பூசணம் ஓலைக்குள் புகுவதில்லை. ஆயினும் கதிரொளியை மறைத்து மரத்தின் உணவுத் தயாரிப்பைக் குறைத்துவிடுகிறது. மரத்தடியில் வாழையோ கொய்யாவோ இருந்தால் அவற்றையும் இந்த ஈ விடுவதில்லை.

ஓலையின் எல்லாக் கேட்டையும் இவ்வீயின்மேல் சுமத்துவதும் பிழை. முதிர்ந்த மட்டைகள் மட்டும் மஞ்சளாகுமாயின் மக்னீசியக் குறை இருக்கக்கூடும். மரத்திற்கு ஆண்டுக்கு அரைக்கிலோ மக்னீசியம் சல்பேட் இடுவர். விரிந்த மட்டையில் கத்தரியால் முக்கோணமாக வெட்டினாற்போன்ற வடு காண்டாமிருக வண்டின் கைவரிசை. குப்பைக் குழியைக் கிளறி அதன் புழுக்களைப் பொறுக்குவதே அதற்கு வழி.

இனி வெள்ளை ஈக்கு வருவோம். நஞ்சு தெளிக்கும் ஆவலை முதற்கண் அடக்க வேண்டும். என்கார்சியா என்னும் மிகச் சிறு குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. குளவி புகுந்த கூடு கருநிறமாக மாறியிருக்கும். நஞ்சு தெளித்தால் முதலில் மடிவது இந்த நண்பனே. வேரில் நஞ்சு ஊட்டுவோரும் உளர். அவ்வாறு செய்த மரத்தின் காயை 45 நாட்களுக்குப் பறிக்கலாகாது. இளநீரைக் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுக்கும் வீட்டில் இவ்வழியை நாடாதிருப்பதே நன்று.

ஐந்தடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு எட்டு வீதம் ஆறடி உயரத்தில் கட்டினால் பறக்கும் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். விசையான நீரை ஓலையின் அடிப்புறத்தில் பீய்ச்சலாம். ஈ மிகுந்திருந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து தெளிக்கலாம். கரும்படலத்திற்கு நம் அடுக்களையிலேயே மருந்துண்டு. லிட்டருக்கு 25 கிராம் வீதம் மைதாவைக் காய்ச்சி, ஆறிய கஞ்சியை ஓலையின் மேற்புறம் தெளித்தால், அது வெயிலில் காய்ந்து படலத்தோடு உரிந்து விழும். மழைநாளில் இம்முயற்சி வீண். நல்ல மழை பெய்தால் ஈயும் தானே குறையும்.

ஐயம் நீங்காதோர் பாதிப்புற்ற கீற்றுகளிற் சிலவற்றைக் காகிதத்தில் சுற்றிக் குரும்பாபேட்டையிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். ஆனால் விரைந்த மாற்றத்தை எதிர்பார்த்தல் வேண்டா. தென்னை மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மட்டையே விடுகிறது. முடி முழுவதும் புதிதாக இரண்டாண்டுகளுக்கு மேலாகும். ஆகையால் நலிந்த மரத்தின் பச்சை மட்டைகளை அழகு கருதிக் கழிக்க வேண்டாம். குருத்தோலை ஞாயிறுக்கெனக் குருத்து வெட்டுவோரும் இத்தகைய மரங்களை விடுத்து, செழித்த மரத்தில் ஒன்று எடுத்து அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளலாம்.